நீ சொல்லாமல் விட்ட வரி

இன்று காலையிலிருந்து வீட்டு வளவின் பின்பக்கத்தில் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்டுகிறார்கள். உனக்கு எழுதுகிற கடிதத்தை இப்படியா தொடங்குவது என்று நீ சிரிப்பாய். என்ன செய்ய, தங்கச்சி, இன்று நீ என் நினைவுக்கு அங்கிருந்துதான் வந்தாய். நாலடி தாண்டியதும் ஈரமண் வாசம் குசினி வரைக்கும் அடித்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு போய்ப் பார்த்தவள், அப்படியே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். அது சண்டைக் காலத்தில் நாம் பதுங்கிய பங்கர்க் குழியின் வாசம். குழிக்குள் நின்றவர் நிமிர்ந்து பார்த்து, தலை சுத்துதோ அம்மா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது.

உடையார்கட்டில் அந்தத் தென்னங்காணிக்குள் பக்கத்துப் பக்கத்தில் தறப்பாள் கூடாரம் கட்டித்தான் நாம் பழகினோம். நாங்கள் அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், நீங்கள் கண்டாவளையிலிருந்து. மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் வயல் வேலை செய்த குடும்பம் உன்னுடையது. கலியாணம் கட்டிய பிறகுதான் புருசனோடு சபைக்கு வந்தாய். நானோ மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. உனக்குத் தெரியாததா.

உன் புருசன் காய்ச்சலோடு உங்கள் பங்கருக்குள் படுத்திருந்தார். மத்தியான நேரம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருக்கு அவித்துக் கொடுக்க ஒரு பிடி கொத்தமல்லி இருக்குமோ என்று கேட்டு வந்தாய். நான் மூட்டையை அவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஷெல் சத்தம் தொடங்கிவிட்டது. உன்னையும் பிள்ளையையும் இழுத்து எங்கள் பங்கருக்குள் போட்டேன். மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்து பார்த்தபோது உங்கள் பங்கரின் மேல் அடுக்கியிருந்த தென்னங்குற்றிகள் கீழே இறங்கிப்போய்க் கிடந்தன. கொத்தமல்லி சுற்றிய கடதாசிச் சரை என் கையிலேயே இருந்தது.

சண்டை எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, கண்டாவளையில் அந்த வீட்டைப் போய்ப் பார்க்க ஏலாது என்று சொல்லி நீ என்னோடு அக்கராயனுக்கே வந்துவிட்டாய். எங்கள் சபையிலேயே சேர்ந்தாய். ஒவ்வொரு வருட முடிவிலும் ஸ்தோத்திரக் கூட்டத்தில் நான் எழும்பிச் சாட்சி சொன்னேன். நன்றாகச் சொல்வேன், எனக்கே தெரியும். வந்த ஷெல்லைக் கர்த்தர் தம்முடைய கையால் திருப்பிவிட்டார் என்பேன். சர்வ வல்லவர் அவர், எங்கள் பங்கருக்குள் இருந்த ஏழு பேரில் ஒருவருடைய தலைமயிரும் விழவில்லை என்பேன். பிறகு உன் பக்கம் திரும்பி, இந்தத் தங்கச்சியே அதற்குச் சாட்சி என்று கையைக் காட்டுவேன். நீ தலையைக் குனிந்து ஆமென் சொல்வாய். சனம் கண்ணைத் துடைக்கும். பிறகு எல்லோரும் கேக்கும் தேத்தண்ணியும் சாப்பிடுவோம். நானும் ருசித்துத்தான் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டுகிறது நம் இரண்டு பேருடைய வேலை. அப்படி ஒரு சனிக்கிழமை, சனம் இருக்கிற வாங்குகளுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்த நீ தும்புத்தடியை நிறுத்திவிட்டு, கோவிக்க மாட்டேனோ என்று கேட்டாய். மாட்டேன், சொல்லு என்றேன்.

"அந்த ஷெல்லை அவர் திருப்பிவிட்டார் எண்டு சொல்றீங்க அக்கா. திருப்பினவர் எங்க திருப்பினவர்?"

குரலில் சூடு இல்லை. வழி தெரியாத ஆள் வழி கேட்பதுபோல்தான் கேட்டாய். கோவித்தது நான்தான். குயவனைப் பார்த்து மண் கேள்வி கேட்குமோ என்றேன். அவர் ஆளுகிறவர், அவர் செய்வதை விசாரிக்க நீ யார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேற்று வந்தவளுக்கு விசுவாசம் இவ்வளவுதான் என்றும் சொன்னேன். மிச்ச இடத்தையும் கூட்டி, வாங்குகளை நேராக்கி, குப்பையை அள்ளிக்கொண்டு போனாய். உன் மனிதர் அந்தக் குற்றிகளுக்குக் கீழே கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். அத்தனை வருடமும் என் சாட்சிக்குள் அவருக்கு இடமே இருக்கவில்லை. அது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, பார்.

ஒரு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. ஆராதனையில் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், குற்றம் பிடிக்க. பிடித்தும் விட்டேன். பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, அவருடைய சித்தம் செய்யப்படட்டும் என்று கேட்கிற வரி வந்ததும் உன் உதடு நின்றுவிட்டது. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டாய். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். கள்ளியைக் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரி உன் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாய். ஏன் அந்த வரியை விழுங்குகிறாய் என்று நின்ற நிலையில் கேட்டேன்.

"அந்த ஜெபத்தில அவர் பரிசுத்தர் எண்டு முதல்ல சொல்றம். அதைச் சொல்லிப்போட்டு அடுத்ததாப் பொய் சொல்றதா அக்கா? எனக்கு அந்த வரி இன்னும் வரேல்ல. வந்தாச் சொல்லுவன்."

எனக்குப் பரிசுத்தம் என்றால் வெள்ளைச் சேலை. கோயிலுக்குள் செருப்புப் போடாதது. இராப்போசனத் துணியை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் தோய்ப்பது. அதையெல்லாம் ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். அவருக்கு முன்னால் பொய் சொல்லப் பயப்படுகிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் சாட்சியில் பொய் இல்லை. ஷெல் விழுந்ததும் உண்மை, நாங்கள் தப்பியதும் உண்மை. ஆனால் பாதியை மட்டும் எடுத்து அவருடைய பெயரைப் போட்டு விளம்பினேன். வானத்தையும் பூமியையும் ஆளுகிறவர் என்று வாயால் சொல்லிக்கொண்டு, அவரை எங்கள் வீட்டுக் காவல்காரனாக்கி வைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, தங்கச்சி. உனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கச்சான் உடைத்தேன். நீயும் தள்ளி இருந்து இடம் விட்டாய். அந்த வருட முடிவில் நான் எழும்பவில்லை. அக்காவுக்குத் தொண்டை சரியில்லைப் போல என்று சனம் கதைத்தது. அடுத்த நாள் காலையில் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணியோடு வந்து, சாட்சி சொல்லாத தொண்டைக்கு நல்லது என்று நீட்டினாய். நான் சிரிக்கப்போய் அழுதேன். நீயும்தான்.

பிறகு உன் சிறுநீரகம் பழுதாகிப் போனது. இரத்தம் சுத்தம் செய்ய வவுனியாவுக்கு பஸ்ஸில் எத்தனை தடவை போய் வந்தோம். யன்னல் பக்கம் உனக்கு, பை என் மடியில். வழியில் எந்த வயலைப் பார்த்தாலும் நாற்றுக் காணாது, தண்ணி காணாது என்று குறை சொல்லிக்கொண்டே வருவாய். நோயாளிக்கு வாய் மட்டும் குறையவில்லை என்று நான் ஏசுவேன். கடைசித் தடவை வீட்டுக்கு விடாமல் உன்னை வார்டில் மறித்துவிட்டார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், அன்றைக்கு உன் இடுப்பில் இருந்த மகள், இந்தப் பக்கம் நான். ஜெபம் பண்ணச் சொன்னாய். எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. மனப்பாடமாக இருந்த அந்த ஜெபத்தையே தொடங்கினேன்.

அந்த வரியில் என் வாய் அடைத்துவிட்டது. அவருடைய சித்தம் எதுவென்று உன் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு அது வேண்டாம். எனக்கு நீ வேணும், அவ்வளவுதான். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள் அங்கே ஊமையாக நின்றேன். மகள் என்னைப் பார்த்தாள்.

நீ கண்ணைத் திறக்காமலே அந்த வரியைச் சொன்னாய். மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு சொல்லாக, முழுதாகச் சொன்னாய். அத்தனை வருடத்தில் அதை உன் குரலில் அன்றைக்குத்தான் கேட்டேன். மிச்சத்தை மூன்று பேரும் சேர்ந்து முடித்தோம். மகள் தண்ணி எடுக்கப் போன நேரம், கோபமெல்லாம் போயிட்டுதோ என்று உன் காதுக்குள் கேட்டேன்.

"இல்லக்கா, இருக்கு. ஆனா கோவிக்கிறதுக்கும் அவரிட்டத்தானே போகோணும். வேற ஆர் இருக்கினம்?"

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நேற்றுப் புதுப் போதகர் வீட்டுக்கு வந்திருந்தார். வயது குறைந்தவர், நல்ல மனிதர். என்னிடம் ஒரு வல்லமையான சாட்சி இருக்கிறதாம், பழைய ஆட்கள் சொன்னார்களாம், இந்த வருட முடிவில் எழும்பிச் சொல்ல வேண்டுமாம். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாள் முழுக்க அந்தக் குழிக்குப் பக்கத்தில் இருந்து இதைத்தான் யோசித்தேன். வெட்டுகிறவர், இவ்வளவு ஆழம் காணுமோ அம்மா என்று இரண்டு தரம் கேட்டார், பாவம். இரண்டாவது தரம்தான் காதில் விழுந்தது.

எழும்பத்தான் போகிறேன், தங்கச்சி. ஷெல் விழுந்தது, நாங்கள் ஏழு பேர் தப்பினோம், பத்தடி தள்ளி ஞானமுத்து செத்தார் என்று சொல்வேன். உன் மனிதரின் பெயரை அந்தக் கோயிலுக்குள் முதல்முறை அன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன். அவர் கொத்தமல்லித் தண்ணிக்குக் காத்திருந்தார் என்றும் சொல்வேன். திருப்பினவர் எங்கே திருப்பினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆளுகிறவரிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவரும் என்னைத் துரத்திக் கலைத்துவிடவில்லை. எனக்குச் சொல்ல இருக்கிற சாட்சி அவ்வளவுதான். கேக் தொண்டையில் இறங்குமோ தெரியவில்லை.

அது முடிய எல்லோரும் எழும்பி அந்த ஜெபத்தைச் சொல்வார்கள். அந்த வரி வரும்போது நான் கொஞ்சம் நிற்பேன். நீ முதலில் சொல்லு. உனக்குப் பின்னால் நான் சொல்கிறேன்.