கேட்டது, சொன்னது, எழுதினது

மதினி,

இன்று காலை நான் பீடி சுற்றும் தட்டின் விளிம்பு பிய்ந்துபோனது. அண்ணன் உன் தட்டைக் கொண்டுவந்து தந்தான். "சும்மாதான தொங்குது, நீ வச்சுக்கோ" என்றான். நீ போனபின் அதை யாரும் தொடவில்லை. புகையிலைத் தூள் வாடை அப்படியே இருந்தது. துடைக்கலாம் என்று உள்ளே விரித்திருந்த பேப்பரை உருவினேன். அடியில் ஒரு காலண்டர் அட்டை, அதில் உன் கையெழுத்து. மூன்று வரி, அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி. அந்த வரியைப் பிறகு சொல்கிறேன்.

வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா, கூடாதா, எனக்குத் தெரியாது. வருகிறது, எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவுதான் எழுத வரும். நீயும் என்னோடு அதே பெஞ்சில் இருந்தவள்தானே. நீ எட்டு வரை போனாய், பிறகு எங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்தாய்.

நீ ஒன்றியக் கவுன்சிலர் ஆனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண்களுக்கு ஒதுக்கின வார்டு என்றதும் அண்ணன் உன்னை நிறுத்தினான். போஸ்டரில் உன் முகத்தைவிட அவன் முகம்தான் பெரிது. ஜெயித்ததும் முதல் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உனக்கு முன்னால் பஸ் ஏறினான். பூ வாங்க நானும் கூட வந்தேன். சங்கரன்கோவிலில் இறங்கி, யூனியன் ஆபீஸ் பக்கத்து டீக்கடை வந்ததும் நீ நின்றாய்.

"நீங்க இங்கன இருங்க. கூட்டம் எனக்குத்தான்."

"உனக்கு அங்க என்ன தெரியும்?"

"தெரியாததத் தெரிஞ்சுக்கிடத்தான போறேன். நீங்க ரெண்டு வடை தின்னுட்டு இருங்க."

அவன் முழித்துக்கொண்டு நின்றான். டீக்கடைக்காரர் ஒரு தட்டில் இரண்டு வடையை வைத்து நீட்டினார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாமல் ஊரில் சொன்னேன். அன்றிலிருந்து அண்ணனுக்கு வடைக் கவுன்சிலர் என்றே பெயர் ஆனது.

மற்ற கவுன்சிலர்கள் ஊருக்கு ஊர் பிளக்ஸ் வைத்தார்கள். நீ பீடிக் கடைக்கு வந்தாய். யூனியன் கூட்டம் முடிந்த மறுநாள் மூன்று மணிக்கு, நாங்கள் சுற்றின பீடியைக் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நீயும் இடுப்பில் தட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்காருவாய். பஸ்ஸில் வரும்போதே எழுதின அட்டையைத் தட்டிலிருந்து எடுப்பாய்.

"மூணு சொல்லுதேன். கேட்டது, சொன்னது, எழுதினது. நாம கேட்டது ஒண்ணு. அவியள் சொன்னது ஒண்ணு. நோட்டுல எழுதினதுதான் நிக்கும். அதனால கடைசி வரியக் காது குடுத்துக் கேளுங்க."

பேச்சியம்மாள் சும்மா இருப்பாளா? எதிர்வீட்டுக்காரி, எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவள். "ஏ கவுன்சிலரம்மா, டிவியில எல்லாம் எப்படி மினுக்கிட்டு வந்து செய்தி வாசிக்காவ! நீ பழஞ்சேலையோட வந்து நிக்கியே."

"புடிக்கலன்னா சேனல மாத்திக்கோட்டி."

ரோடு, தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கக்கூஸ் கதவு, எல்லாம் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நடக்காததையும் நடக்கவில்லை என்றே சொன்னாய். முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பாய்: "யாருக்காவது எதுவும் கேக்கணுமா?" யாரும் கேட்கமாட்டோம். கடைக்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவோம். எங்கள் கவலையெல்லாம் எத்தனை பீடிக் கட்டைச் சரியில்லை என்று கழிப்பார் என்பதில்தான்.

ஒருநாள் அட்டையை என்னிடம் நீட்டினாய்.

"இன்னைக்கு நீ வாசி."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் மதினி. எல்லாரும் சிரிப்பாவ."

"கூட்டியே வாசியேன். கடைசி பஸ்ஸா போகுது?"

நான் அட்டையை உன் மடியில் போட்டுவிட்டு, பீடி இலை வாங்கும் சாக்கில் உள்ளே ஓடினேன். அதற்கப்புறம் நீ என்னைக் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும் மதினி. கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். ஓடினவளை அப்படியே விட்டுவிட்டாய்.

நம் கிழக்குத் தெரு மேடு. ஊர்த் தொட்டித் தண்ணீர் நம் மேட்டில் ஏறாது. குழாய் பதித்தார்கள். வீட்டுக்கு வீடு திருகு வைத்தார்கள். திருகுப் பக்கத்தில் எங்களை நிற்க வைத்துப் போட்டோவும் எடுத்தார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. திறந்தால் வெறும் காற்றுதான் பாம்பு மாதிரி சீறும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நீ கேட்டுக் கேட்டுத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் டிராக்டரில் தண்ணீர் வந்தது. அதை வைத்துத்தான் நம் தெரு குடித்தது, குளித்தது.

நீ போன கடைசிக் கூட்டமும் தண்ணீருக்காகத்தான். திரும்பி வரும்போதே உடம்பு கொதித்தது. மறுநாள் மூன்று மணிக்குக் கடைக்கு வரவில்லை. நான் பார்க்க வந்தேன். நீ படுத்தபடியே சுவரில் தொங்கின தட்டைக் காட்டி, "அத எடு" என்றாய். "இந்தக் காய்ச்சல்லயும் பீடியா? கட ஒண்ணும் ஓடிப் போயிராது, கண்ண மூடிப் படு" என்று வைதேன். நீ சிரித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாய். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எட்டாம் நாள் வண்டியில் கொண்டுவந்தோம்.

உன் நாற்காலி இன்னும் காலிதான். இடைத்தேர்தல் வரும் என்கிறார்கள், வரவில்லை. கூட்டத்தில் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல ஆள் இல்லாத இடத்துக்கு வேறு ஒருவன் வந்தான்.

மே மாதம். மூன்று மணி. பஞ்சாயத்து கிளார்க் பீடிக் கடைக்கு வந்தான். பைக்கை நிறுத்தினான். நீ உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தான். பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்தான்.

"யக்கா, மே தினத்துக் கிராம சபைக்கு ஆள் பத்தல. சும்மா வந்தோம்னு ஒரு கையெழுத்து. மேல இருந்து கேக்காவ."

"உள்ள என்ன எழுதியிருக்கு?" என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. அவன் வேறு சொன்னான்: "உங்க மதினி இருந்தா நான் வெயில்ல இங்க வந்து நிப்பனா? அவியளே வாங்கித் தந்துருப்பாவ." உன் பேச்சை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் முதல் கையெழுத்தைப் போட்டேன். "கவுன்சிலர் நாத்தனாளே போட்டாச்சு, நமக்கென்ன" என்று பேச்சியம்மாள் போட்டாள். அவளைப் பார்த்து வரிசை முழுக்கப் போட்டது. அந்த இடத்தில் அதுவரைக்கும் எங்களிடம் யாரும் பொய் சொன்னதில்லை மதினி. அது தெரிந்துதான் அவன் அங்கே வந்திருக்கிறான்.

இரண்டு வாரத்தில் டிராக்டர் நின்றது. மூன்று முறை வருமா என்று பார்த்துவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். கிளார்க் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"குழாய்ல தண்ணி வரும்போது டிராக்டர் எதுக்குக்கா?"

"எங்க வருது? வந்து பாரும்."

"நான் எதுக்கு வந்து பாக்கணும்? கிழக்குத் தெரு அத்தன வீட்டுக்கும் குழாய்ல தண்ணி வருதுன்னு நீங்கதான தீர்மானம் போட்டுருக்கீங்க. மொதக் கையெழுத்தே உங்களுது."

"நான் எங்க அப்படி எழுதினேன்?"

"எழுதினதுக்குக் கீழதான கையெழுத்துப் போட்டுருக்கீங்க."

அவன் முகத்தில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. வீட்டுக்கு வந்து காலிக் குடத்தை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

அன்றிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில்தான் தண்ணீர். கரண்டு இருக்கும் நேரம் பார்த்து ஓட வேண்டும். குடத்தோடு நான் போனால், "மொதக் கையெழுத்துக்காரி வாரா, வழி விடுங்கட்டி" என்பாள் பேச்சியம்மாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான் கையெழுத்துப் போட்டாள். ஆனால் நான் போட்டதைப் பார்த்துப் போட்டாள்.

கிளார்க் மேல் கோபம், அவனுக்குத் தலையாட்டின பஞ்சாயத்துத் தலைவர் மேல் கோபம், என் மேல் கோபம். குடம் சுமந்து வரும் வழியெல்லாம் எல்லோரையும் வைதுவிட்டு, கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்பேன். ஐந்து மைல் பஸ்ஸில் போய் எங்களுக்காகக் கேட்டாய், வந்து சொன்னாய். நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். எங்கள் காதைப் பழக்கினாய், வாயைப் பழக்கவில்லை. எல்லாவற்றையும் நீயே செய்துவிட்டுப் பாதியில் போய்விட்டால் நாங்கள் என்ன ஆவோம் என்று ஒருநாளாவது நினைத்தாயா?

சுதந்திர தினத்துக்குக் கிராம சபை என்று தண்டோரா போட்டார்கள். காலையில் அண்ணனிடம் ஸ்பானர் வாங்கி, வீட்டு வாசல் குழாயின் திருகைக் கழற்றினேன். "என்னட்டி செய்யுதே?" என்றான். சொன்னேன். தன் வீட்டுத் திருகையும் கழற்றிக் கொடுத்தான்.

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடிந்தது. மேஜையில் நோட்டு திறந்திருந்தது. "தீர்மானம் எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்துப் போட்டுட்டு மிட்டாய் வாங்கிட்டுப் போங்க" என்றான் கிளார்க். இரண்டு திருகையும் நோட்டின் மேல் வைத்தேன்.

"ஏம்மா, கொடியேத்துற நாள்ல இது என்னம்மா?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுத் தண்ணிக் குழாய் அண்ணாச்சி. வாய வச்சு ஊதிப் பாருங்க, என்ன வருதுன்னு."

யாரோ சிரித்தார்கள். யூனியனிலிருந்து கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு ஆபீசரம்மா, என்ன விஷயம் என்று கேட்டார்கள். சொன்னேன். மே மாதத்துத் தீர்மானத்தை எடுத்து வாசித்தார்கள். கிளார்க்கைப் பார்த்தார்கள். "இத ரத்து பண்ணிப் புதுசா எழுதுங்க" என்றார்கள்.

அவன் எழுதினான். நோட்டை என் பக்கம் திருப்பினான். நான் பேனாவை வாங்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்தேன். வேர்த்து ஊற்றியது.

"ஏக்கா, அடுத்த கொடியேத்து வந்துரும் போல!" என்று பின்னால் ஒருவன் கத்தினான்.

"வாசிக்கட்டும்லே! ஒனக்கு என்ன, கடைசி பஸ்ஸா போகுது?" என்று ஒரு குரல். அண்ணன். திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான்.

'சில வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை' என்று எழுதியிருந்தான் கிளார்க். "எந்தச் சில வீடு? கிழக்குத் தெரு முழுக்கன்னு எழுதும்" என்றேன். அடித்து எழுதினான். மறுபடியும் கூட்டி வாசித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இந்தத் தடவை பேச்சியம்மாள் என்னைப் பார்த்துப் போடவில்லை. அவளும் குனிந்து, உதடு அசைய வாசித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் டிராக்டர் இரண்டு தடவை வந்தது. குழாய் இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் ஆனபிறகு, இன்று காலை உன் தட்டிலிருந்து இந்த அட்டை வருகிறது.

கேட்டது: கிழக்குத் தெரு தண்ணீர்.
சொன்னது: புது மோட்டார் வைத்தால்தான் மேட்டில் ஏறும்.
எழுதினது: தண்ணீர் ஏறும்வரை டிராக்டரை நிறுத்தக்கூடாது.

எழுதி வாங்கியிருக்கிறாய்! இத்தனை மாதம் இது உன் பேப்பருக்கு அடியில் கிடந்திருக்கிறது, நான் ஓடைக்கும் வீட்டுக்குமாகக் குடம் சுமந்திருக்கிறேன். "அத எடு" என்றாயே, அது இதுதான். வாய் திறந்து 'அட்டை' என்று ஒரு சொல் சொன்னால் என்ன மதினி? நானாவது தட்டை எடுத்து உன் கையில் கொடுத்திருந்தால் என்ன?

கீழே சின்னதாக இருக்கிற வரி இது: 'நாளைக்கு நாத்தனாளை வாசிக்கவைக்கணும். ஓட விடக்கூடாது.'

அதற்கு மேல் நான் என்ன எழுத?

மூன்று மணிக்குக் கடைக்குப் போய்விட்டு வந்து, இப்போது மீதியை எழுதுகிறேன். உன் தட்டோடு, உன் இடத்தில் உட்கார்ந்தேன். அட்டையை எடுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மூன்று வரியையும் முடித்தேன். "யாருக்காவது எதுவும் கேக்கணுமா?" என்றேன். எப்போதும் போல யாரும் பேசவில்லை. கடைக்காரர் பேச்சியம்மாள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழவில்லை.

"இரும் அண்ணாச்சி, வாரேன். ஏட்டி, மோட்டார் வைக்கணும்னு சொல்லியிருக்காவளே, அது எப்ப? யாரு வைக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

திங்கட்கிழமை சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறுகிறேன். அண்ணனும் வருகிறேன் என்றான். வா, வடை வாங்கித் தருகிறேன் என்றேன். உன் மேல் உள்ள கோபம் தீரவில்லை மதினி. அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். உன் அட்டையின் பின்பக்கத்தில் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டேன்.

கேட்டது: கிழக்குத் தெருவுக்கு மோட்டார் எப்போது?

கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.