பொய்க்கட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், என் இடது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்பதற்கு முன்னால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வீடு பார்க்கத் தொடங்கியதிலிருந்து நீ அம்மாவுக்குத் தனியாகப் போன் செய்கிறாய், அவர் எனக்குத் தனியாகப் போன் செய்கிறார், நாங்கள் இரண்டு பேரும் ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். உனக்குப் பதினோராம் மாடியில் மூன்று அறை புது வீடு வேண்டும், அவருக்கு பஸ் டிப்போ எதிரில் இரண்டு அறை பழைய வீடே போதும், புது வீட்டுக்குக் கையெழுத்து இருபதாம் தேதி. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும், அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

உனக்கு யோசனை சொல்ல முதலில் நாமே நாலு இடம் பார்த்துவைப்போம் என்று உன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இங்கே புதிதாக எழும்புகிற அடுக்குமாடியில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஜோடித்து வைத்திருக்கும் மாதிரி வீட்டுக்கு. நான் முழங்காலைச் சாக்குச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. வாங்க வந்தவள் மாதிரி தெரிய வேண்டும் என்று அவள் கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் டை கட்டிய ஒருவர் உங்கள் கனவு இல்லத்துக்கு நல்வரவு என்றார், இவள் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கே வைப்பது என்று தேடினாள், கனவு இல்லத்தில் செருப்புக்கு இடம் இல்லை. அந்த வீட்டில் யாரும் துணி உலர்த்துவதில்லை பாப்பா, யாருக்கும் மாத்திரை டப்பா கிடையாது, பழைய பில் கிடையாது, ஒற்றைக்காலில் நிற்கும் நாரை பொம்மை மட்டும் மூன்று இருக்கிறது. துடைப்பத்தை எங்கங்க வைப்பாங்க என்று அம்மா கேட்டாள். மேடம், இது லைஃப்ஸ்டைல் என்றார் டைக்காரர். அந்த லைஃப்ஸ்டைல் பெருக்காதா தம்பி என்றாள், மனிதர் டையைத் தளர்த்திக்கொண்டார். அறைகளுக்குக் கதவே இல்லை. கேட்டால் காற்றோட்டமாம்.

அத்தோடு வெளியே வந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். படுக்கையறைக்குப் போனதும் டைக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார், சார் நீங்களா, உங்க கட்டிலாலதான் சார் இந்த ரூமே விக்குது, வர்றவங்க எல்லாம் ரூம் எவ்ளோ பெருசுன்னு வாயப் பொளக்கிறாங்க என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் அம்மா கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேராகப் போய் அதில் படுத்தாள். குள்ளமான அவளுக்கே பாதம் வெளியே நின்றது. நான் சுவரில் மாட்டியிருந்த படத்தை ரொம்ப நேரம் ரசித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக அந்தக் கட்டடக் கம்பெனிக்குக் கட்டில் செய்து கொடுக்கிறேன். ஆறேகால் அடிக்குப் பதில் ஐந்தடி, அகலத்திலும் ஒரு சாண் கம்மி. தலையணையைப் பாதி வரை அடுக்கிவிட்டால் யாருக்கும் நீளம் தெரியாது. பட்டறையில் அதற்குப் பொய்க்கட்டில் என்றே பேர். வாங்குகிறவர் டேப் கொண்டுவந்து அளக்காதது என் தப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் ஒரு நர்ஸும் அவள் புருஷனும் பட்டறைக்கு வந்து, அந்தக் கம்பெனியிடம் வாங்கிய புது வீட்டுக்கு முதல் கட்டில் என்று ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்துகொண்டு போனார்கள். ஆறேகால் அடிக் கட்டிலைக் கொண்டுபோய்ப் பொருத்தினால் அறைக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உங்களுக்கு அளவெடுக்கவே தெரியலையா என்று புருஷன் சத்தம் போட்டார். அதைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும் மெதுவாக, மாதிரி வீட்ல கட்டிலும் போட்டு சுத்தி நடக்கவும் இடம் இருந்துச்சே, நாம எங்க ஏமாந்தோம் என்று அவரைக் கேட்டாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் போய்க் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை.

மாதிரி வீட்டிலிருந்து திரும்பும்போது உன் அம்மா பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து உங்கள் ஊர் மாதிரி வீட்டில் எடுத்து நீ அனுப்பிய படங்களைப் போனில் விரித்து என் முன்னால் வைத்தாள், இது யாரு செஞ்ச கட்டில்னு பாத்துச் சொல்லுங்க என்றாள். உங்கள் மூன்றாவது அறை, இது அப்பா அம்மா வந்தா தங்கறதுக்கு என்று நீ எழுதியிருந்தாயே, அந்தப் படம். தரையில் இரண்டடி டைல்ஸ் என்று மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருந்தார். எண்ணினேன். கட்டில் இரண்டரை டைல்ஸ்தான் வருகிறது, அதே ஐந்தடி. தலையணை பாதி வரை அடுக்கியிருக்கிறது. கதவு இல்லை. அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் பட்டறை வைத்திருக்கிறான் பாப்பா, வேலை சுத்தமாகத்தான் செய்திருக்கிறான். அவனும் ஒரு பெண்ணைப் பெற்றவனாக இருப்பான்.

அந்த அறைக்காகத்தான் நீ மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறாய் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நாங்கள் வருஷத்துக்குப் பத்து நாள் வந்தால் அதிகம், அந்தப் பத்து நாளும் கூடத்தில் விரித்துப் படுத்துக்கொள்வோம். உங்கள் இரண்டு பேர் முகமும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த இடம் தாராளம். என் டேப்பை இதோடு வைத்திருக்கிறேன். முதல் அங்குலம் உடைந்துபோனது, ஒன்றிலிருந்து பிடித்து அளந்துவிட்டு ஒன்றைக் கழித்துக்கொள். இரண்டு வீட்டுக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், நீ ஒரு முனை, அவர் ஒரு முனை. தனியாக அளந்தால் அவரவர் ஆசைப்பட்ட அளவுதான் வரும். அளந்த பிறகும் மூன்று அறைதான் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் பேரைச் சொல்லி மட்டும் வாங்காதே.

கம்பெனி ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நர்ஸ் வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன், இந்த முறை காரணம் சொல்வதற்கு, அம்மாவும் கூட வருகிறாள். நான் பாதியில் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். நீங்கள் இருவரும் எந்த வீட்டில் இருந்தாலும் காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கி எழுந்து நூறு வருஷம் இருக்க வேண்டும். துடைப்பத்துக்கு இடம் பார்க்க மறக்காதே என்று அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். டேப் வழியில் இன்னும் உடைந்து வந்திருந்தால் மாப்பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து அளந்துகொள், அவர் என் உயரம்தான்.

இப்படிக்கு,
ஊரார் பெண்ணை ஏமாற்றிவிட்டு, தன் பெண் ஏமாறக்கூடாது என்று இதை எழுதும்
உன் அப்பா