சிவப்புத் தலைக் குச்சிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் அத்தானுக்கு இருமல் இன்னும் விட்டபாடில்லை. என் மகள், அதுதான் உன் மருமகள், என்னை விட உயரமாகிவிட்டாள், வாய் அதைவிடக் கூட. எதற்குக் கடிதம், போன் பண்ணலாமே என்பாய். போனில் முக்கியமானதைக் கேட்கும்போதெல்லாம் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை பார்.

இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றப் பயிற்சி என்று ஒரு கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, உங்கள் நிலம் எங்கே, கிணறு எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, படம் போட்டுக் காட்டுங்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஊரே விழுந்து விழுந்து படம் போட்டது. நான் நம் கிணற்றைப் போடவே இல்லை. வந்ததற்குக் கையெழுத்துக் கேட்டார்கள், கோழி கிளறின மாதிரி ஒன்றைக் கிறுக்கிவிட்டு வந்தேன். நடத்துகிற பெண்ணை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். எப்போதும் சிரித்த முகம். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, உனக்குத்தான் தெரியுமே.

செய்து காட்டுவதற்குச் சரிவான நிலம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உன் மருமகள் எழுந்து நின்று, எங்களுடையது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள்! திட்டித் தீர்த்துவிட்டேன். அது மாமா பேரில் தாத்தா எழுதிவைத்த நிலம், நாம் உழுது பிழைக்கிறோம், அதுவும் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும், கண்டவனையும் உள்ளே விடுவாயா என்று கத்தினேன். உன் அத்தான்தான், விடு, பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டாள் என்றார்.

அதற்குள் அவருக்கு இருமல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நிலம் முழுக்க முளைக்குச்சி. வெள்ளைத் தலை, சிவப்புத் தலை என்று பெயிண்ட் வேறு. அடப்பாவிகளா, அளந்தே முடித்துவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். யாரடி அடித்தது என்றால், பயிற்சிக்காரர்கள்தான் அம்மா, வேறு யார் என்கிறாள் உன் மருமகள். அவளுக்கு வந்து போனவர்கள் எல்லாம் ஒரே கூட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒன்று விடாமல் பிடுங்கி மாட்டுக் கொட்டகையில் போட்டேன்.

மறுநாள் காலை மண்வெட்டியும் கூடையுமாக ஊர்ச் சனம் வந்து நிற்கிறது, குச்சி ஒன்றையும் காணோம். நான்தான் பிடுங்கினேன், இப்போது என்ன என்றேன். டீச்சர் கோபப்படவில்லை. கொட்டகைக்கு வந்து குச்சிகளை இரண்டாகப் பிரித்தாள். வெள்ளை எங்களுடையது, சிவப்பு எங்களுடையது இல்லை அக்கா என்றாள். நல்ல கதை என்றேன். கையைப் பிடித்து நிலத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். குச்சி போனாலும் அடித்த துளை இருக்கிறதே. வெள்ளைக் குச்சியின் துளைகள் சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து போயின. மட்டம் பார்த்து அடித்தால் அப்படித்தான் போகுமாம். அந்த வழியில் வரப்பு போட்டால் மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் நின்று மண்ணுக்குள் இறங்குமாம். சிவப்புக் குச்சியின் துளைகள் மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒரே நேர்கோடு. நம் கிணறு கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நிலத்தைப் பிரித்து விற்கிறீர்களா அக்கா என்று டீச்சர் மெதுவாகத்தான் கேட்டாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தம்பி வேலி போடச் சொல்லியிருக்கிறான், அதற்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அத்தனை நாள் அவர்களைப் பொய்க்காரர்கள் என்றவள் நான், அங்கே பொய் சொன்னதும் நான்தான்.

சாயங்காலமே நில அளவைக்காரர் வீட்டுக்குப் போனேன். சிவப்புப் பெயிண்ட் டப்பா வாசலிலேயே இருந்தது. நிலத்துச் சொந்தக்காரர் போனில் சொன்னார், கிணறு இருக்கிற பாதியை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டதாம், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார். என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான், நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. போன மாதம் கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, இத்தனை வருஷத்தில் நீ கேட்டதே இல்லை. தம்பிக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அத்தானிடம் பெருமை பேசினேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா?

உனக்கு அங்கே என்ன கஷ்டமோ. இருந்தால் என்னிடம் சொல்ல உனக்கு வாயில்லையா? எனக்கு வயிறு எரிகிறது தம்பி. கிணறு இல்லாவிட்டால் மிச்சப் பாதியில் புல்தான் முளைக்கும், அது உனக்கும் தெரியும்.

வெள்ளைக் குச்சிகளைத் திரும்ப அடித்து வரப்பு போட்டாகிவிட்டது. நானும் மண் சுமந்தேன். நேற்று நல்ல மழை. தண்ணீர் வரப்போரம் தேங்கி நின்றது, உன் மருமகள் குடையும் பிடிக்காமல் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரை முறைப்பதை நான் இன்னும் விடவில்லை, பழக்கதோஷம்.

சிவப்புக் குச்சிகளை அடுப்பில் வைக்கவில்லை. கட்டாகக் கட்டிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். நிலம் உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அடுத்தவனை விட்டு அடிக்காதே, நீயே வா. சின்ன வயதில் மாடு கட்ட முளை அடிக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன், நீ அடிப்பாய். இப்போதும் நானே பிடித்துக்கொள்கிறேன். என் விரலில் போட்டுவிடாமல் பார்த்து அடி.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும், எது செய்தாலும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நம்பியிருக்கும்
அக்கா