நாரி என்று நான் சொன்னது

என் செல்ல அம்மா,

நீங்கள் போய் இரண்டு வருசமாகப் போகுது. பியர்பொன்ட்ஸ் வீட்டில் எல்லாரும் சுகம். நான் இப்பவும் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறேன். எனக்கும் நாரி நோகுது. ஆனால் எனக்கு நோவது உண்மையிலேயே நாரிதான், முதுகின் அடி.

உங்களுக்கு நொந்தது அது இல்லை. கொப்பூழுக்குக் கீழே எது நொந்தாலும், ஆம்பிளைகளுக்கு முன்னால் எங்கட பெண்கள் நாரி என்றுதான் சொல்வார்கள். அது எனக்குத் தெரியாததா?

அன்றைக்கு டொக்டரிடம் தங்கச்சி ரஞ்சிதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். உனக்குப் பிரெஞ்சு காணாது என்று அவளை மறித்து, வேலைக்கு லீவு போட்டு நான் வந்தேன். என் பிரெஞ்சில் எனக்கு அவ்வளவு பெருமை. உங்களுக்கும்தான்.

இடுப்பு வளையத்துக்குள் நோவு இருக்கிறதா என்று டொக்டர் பிரெஞ்சில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் அந்த எலும்புகளைப் படம் கீறிப் பாகம் குறித்தவன் நான். முதுகெலும்பின் அடியையும் இரண்டு தொடைகளையும் பொருத்துகிற வளையம். அதற்குள்ளே சிறுநீர் தங்குகிற சலப்பை, கருப்பை, குடல். வெறுமனே இடுப்பு என்றால் சேலை கட்டுகிற இடம் என்று நினைப்பீர்கள். மிச்சத்தை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

"நாரி நோகுதோ அம்மா?"

"ஓம் தம்பி, நாரிதான்."

முதுகு என்று டொக்டரிடம் சொன்னேன். நாலு மாதம் முதுகுக்குக் குளிசையும் தைலமும். பிறகுதான் கருப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். முந்திக் கண்டிருந்தால் தப்பியிருப்பீர்களா? கேட்டேன். சொல்லேலாது என்றார்கள்.

உங்களோடும் எனக்குக் கோபம்தான். பெத்த பிள்ளையிடம் என்ன வெட்கம்? ஆனால் எனக்கும் அந்த வெட்கம் இருந்ததே.

போன மாதம் உங்கட தங்கச்சி, எங்கட சின்னம்மா, மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தா. வந்த கிழமையே நாரி நோகுது என்றா. இந்த முறை ரஞ்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரிடம் எலும்புப் படம் ஒன்று கேட்டு வாங்கிச் சின்னம்மாவின் கையில் கொடுத்தேன்.

"இந்த வளையத்துக்குள்ள எங்க நோகுதெண்டு ரஞ்சிக்குக் காட்டுங்கோ. நான் வெளியில நிக்கிறன்."

சின்னம்மா என்னைப் பார்க்காமலே தலையாட்டினா. கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றேன். கால் மணித்தியாலம் அவவின் குரல் நிற்கவேயில்லை. உங்களுக்கும் அவ்வளவு சொல்ல இருந்திருக்கும், அம்மா.

இனி எங்கட வீட்டுப் பெண்கள் டொக்டரோடு கதைக்கும்போது நான் வெளியில் நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் வாயாக இருக்கிறேன் என்று வந்து வழியை மறித்த,
உங்கட மூத்த மகன்