சுமதி சொன்னதற்குப் பிரிவு இல்லை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காயாத சீருடையோடு மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் டியூட்டி. எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் லீவு, மனு வாங்கும் வேலை என் தலையில்.

பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி. சுமதி. இருபத்து நான்கு வயது. தக்காளித் தோட்டக்காரர் வீட்டு மருமகள். மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றே பேசினாள். வேண்டாமென்று அழுதாலும் புருஷன் விடுவதில்லையாம்.

இன்ஸ்பெக்டர் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "அடிச்சானா? நகை, பணம் கேட்டானா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதாங்க."

"கட்டின புருஷன்மா. பொண்டாட்டிக்குப் பதினெட்டு முடிஞ்சிருந்தா சட்டத்துல இது பலாத்காரம் ஆவாது. கோர்ட்ல பாதுகாப்பு கேட்டு மனு வேணா போடலாம். நாளாவும்."

"அதுவரைக்கும் எந்த வூட்ல படுக்கறதுங்க?"

சாயங்காலம் அவள் அம்மா வந்து கூட்டிப்போனாள். புருஷன் வீட்டுக்கே.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. மாவு புளித்துவிட்டது. பாப்பாவுக்குக் கணக்கு டெஸ்ட்.

புதுச் சட்டம் வந்தபோது நடந்த பயிற்சி வகுப்பு ஞாபகம். பிரிவு எண்கள் எல்லாம் மாறின, உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். புருஷனுக்கான விலக்கில் வயதை மட்டும் ஏற்றினார்கள். விலக்கு அப்படியே. நிறைவேற்றியவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். நானும் வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டவள்தான். சுமதியும் நின்றிருப்பாள். கை தூக்கியவர்கள் அதிகம் என்றால் சட்டமாகிவிடும், சரி. நியாயமாகவும் ஆகிவிடுமா?

தலைவலி.

நவம்பர் 8, சனி

வார ஓய்வு. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாவுக்கு ஷூ வாங்கப் போன இடத்தில் சுமதி. ஒரே ஒரு பை.

"அம்மா வூட்ல, போவப் போவ பழகிடும்கறாங்க. ஓசூர் பஸ் எங்கக்கா நிக்கும்?"

அங்கே யார் இருக்கிறார்கள் என்றேன். யாரும் இல்லையாம்.

என்னோடு படித்த மேரி அங்கே ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்கள் ஹாஸ்டல் உண்டு. போன் போட்டேன். "அனுப்புடி" என்றாள். ஏற்றிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பனி. சுமதியின் புருஷன் அவன் அப்பாவோடு ஸ்டேஷனில். பொண்டாட்டியைக் காணோம்.

"என்னங்க கொறை வெச்சேன் அவளுக்கு?" அழுதான். நடிப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

டீ ஆறுவதற்குள் புகார் பதிவாகிவிட்டது. போட்டோ, அங்க அடையாளம், கடைசியாகக் கட்டியிருந்த புடவை.

"பஸ் ஸ்டாண்ட்ல போயி விசாரி" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் போனேன். யாரையும் கேட்கவில்லை. வந்து ரிப்போர்ட் எழுதினேன்: பார்த்ததாக எவரும் கூறவில்லை. கீழே கையெழுத்து, நம்பர். தெரிந்தால் வேலை போகும், கேஸும் வரும்.

மத்தியானம் மேரி போன். "வந்ததுல இருந்து தூங்கிட்டே இருக்காடி. சாப்பாட்டுக்கு எழுப்பட்டுமா?"

எழுப்பாதே என்றேன்.