இடப்பக்கம் சாய்ந்த காம்புகள்

என் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடியைக் கடந்து போகும்போது உள்ளே அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும், அவர்களுக்குக் கேட்கும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால் நாலு வருஷமாக என் ஸலாம் உங்களை வந்து சேர்ந்திருக்காது. இப்போது காகிதத்தில் அனுப்புகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. யுத்தம் முடிந்தும் நல்ல காகிதம் லேசில் கிடைப்பதில்லை. கிடைக்கிற பழுப்புத் தாளை இரண்டிரண்டாக ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் தடவி, மாடியில் காய வைக்கிறேன். குடைக்கம்பியைத் தட்டி நீங்கள் செய்த கத்தி தேய்ந்து தேய்ந்து விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் இன்னும் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் உங்கள் பெயரில் ஒரு வாசகசாலை திறக்கப் போகிறார்கள். சிரிக்காதீர்கள். கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனால், "கத்திட்டுப் போகட்டும், பசை காயுறதுக்குள்ள கையை ஓட்டு" என்று சொன்ன உங்கள் பெயரில்தான். உங்களுக்குப் படமும் எழுதியாகிவிட்டது. நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை என்பதால் ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முறுக்கிய மீசை, வலது கையில் கொடி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு, உசிலம்பட்டிச் சந்தையில மாட்டுத் தரகு பாக்குற ஆளு மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படத்துக்குப் பின்னால் ஒட்டப் பூ அச்சிட்ட காகிதம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கீழே 'தியாகி' என்ற சொல்லும் வேண்டுமாம். மூன்றே எழுத்து. பதினைந்து நாளாகத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தி ஓடவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள், அத்தா. அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது காகிதத்தில் பூ அச்சிடும் வீடு. தர்கா விழாவில் ஊர்வலம் போகும் சந்தனக்கூட்டுக்கும், கல்யாண டிரங்குப் பெட்டிகளின் உள்பக்கத்துக்கும், பைண்டிங் கடைக்காரர்கள் அட்டைக்குள் ஒட்டுவதற்கும் நம் காகிதம் போகும். எண்ணெய் ஏறிய தாளில் பூவை வெட்டியெடுத்து, அந்த ஓட்டையின் மேல் துணிப் பொட்டணத்தால் சாயத்தை ஒற்றினால், கீழே இருக்கும் காகிதத்தில் பூ விழும். பூவுக்கு நடுவில் ஒரு வட்டம் வேண்டுமென்றால், அது கழன்று விழாமல் இருக்க நூல் அகலத்துக்கு ஒரு துண்டைத் தாளோடு விட்டு வெட்ட வேண்டும். நாம் அதைக் காம்பு என்போம்.

உங்கள் காம்புகள் வலப்பக்கம் சாயும். என்னுடையவை இடப்பக்கம். சோற்றை வலது கையால் அள்ளப் பழகிக்கொண்டேன். கத்தி மட்டும் அந்தக் கைக்கு வசப்படவில்லை. அம்மா ஒரு நாள் என் இடது கையைக் கட்டிப்போடச் சொன்னபோது, "வெட்டு சுத்தமா விழுகுதுல்ல, விடு" என்றீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நம் வீட்டில் பேச்சில்லை. என் பூக்களும் உங்கள் பூக்களும் ஒரே கட்டாகக் கடைக்குப் போயின.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது தர்காவிலிருந்து ஒருவர் வந்தது நினைவிருக்கிறதா? மாதுளைப் பூவும் பிஞ்சுமாக நான் வெட்டியிருந்த கொடியை விரித்துப் பார்த்துவிட்டு, "ராவுத்தரே, இது யாரு வெட்டுனது? நம்ம பழைய வெட்டு இல்லையே" என்று கேட்டார். அந்நிய ஆண்கள் வந்தால் நாங்கள் ஒதுங்கும் திரைக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எங் கைவேலதான்" என்றீர்கள்.

அன்று முழுவதும் உங்களோடு பேசவில்லை. சாயங்காலம் நீங்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "பொம்பளப் புள்ள கைன்னா ஒரு பேச்சு. ஒரட்டாங்கைன்னா இன்னொரு பேச்சு. ரெண்டும் சேந்தா சந்தனக்கூட்டுல ஒட்டுவாகளா? காகிதம் போகட்டும் தாயி. பேரு என்னத்துக்கு?"

அப்போது நான் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெருச் சரசுதான் அவள் அண்ணனுடைய புத்தகங்களை மறைத்துக் கொண்டுவந்து தருவாள். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கும். பேரு என்னத்துக்கு என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்திரண்டில், அந்த ஆகஸ்ட் மாதம் சரசு கொண்டுவந்த புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'வெளியேறு' என்று பென்சிலில் எழுதியிருந்தது. "சொவத்துல அடிக்கணுமாம். ஒரு தாள் வெட்டித் தாடி. யாரும் கேட்டா நீன்னு சொல்ல மாட்டோம்" என்றாள். கடைசியாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அங்கேயும் என் பேர் இல்லை.

நாலு எழுத்துதான். ஆனால் எத்தனை சுழிகள். ஒவ்வொரு சுழிக்கும் காம்பு விட வேண்டும். போலீசுக்குப் பயந்து அவசரத்தில் வெட்டுகிற தாள் கரடுமுரடாக இருந்தால் போதும். யார் வெட்டியது என்று தெரியாமல் இருப்பதுதான் முக்கியம். எனக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தும் இரண்டு நாள் உட்கார்ந்து, என்னால் எவ்வளவு அழகாக வெட்ட முடியுமோ அவ்வளவு அழகாக வெட்டினேன். மயிரிழை போலக் காம்புகள் விட்டேன். யாரும் 'எங் கைவேல' என்று சொல்ல முன்வராத ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஏதோ ஒரு சுவருக்காவது என் கை தெரியட்டும் என்று நினைத்தேன். அத்தா, இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மில் சுவரில் அடிக்கப் போனவர்கள் போலீஸ் வந்ததும் தாளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் அது நம் வீட்டுக்கே திரும்பி வந்தது, ஒரு இன்ஸ்பெக்டர் கையில். கூட வந்த ஏட்டு எழுமலைக்காரர். முந்தின வருஷம் மகள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய டிரங்குப் பெட்டியில் நம் காகிதம்தான் ஒட்டியிருந்தது.

"பொட்டியத் தொறந்தா இந்தப் பூவுதாங்கய்யா முன்னால நிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா தலையச் சாச்சுக்கிட்டு. இந்த எழுத்தும் அதே சாய்வுதான்" என்றார் ஏட்டு.

"யோவ், சொவத்துல கோசம் அடிக்க எவனாச்சும் இம்புட்டு அழகா வெட்டுவானாய்யா? யாரு வேல இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நீங்கள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அதில் இருந்த சொல்லைப் படித்தீர்களா? எனக்கென்னவோ நீங்கள் காம்புகளை மட்டும்தான் பார்த்தீர்கள் என்று தோன்றுகிறது.

"எங் கைவேலதான்."

ஏட்டு விடவில்லை. "அதெப்படி ராவுத்தரே? இது ஒரட்டாங்கைக்காரன் வெட்டுல்ல. நீங்க சோத்தாங்கையாலதான எங்களுக்கு உக்காரப் பாய எடுத்துப் போட்டீக."

"வீட்டுல வேற யாரு இருக்கா?" இன்ஸ்பெக்டரின் குரல் திரைப்பக்கம் திரும்பியது.

"பொம்பளைக இருக்காக. வெட்டுறது நான் ஒருத்தன்தான். எனக்கு ரெண்டு கையும் ஓடும்."

"அப்ப வெட்டிக் காட்டு."

நீங்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள். கத்தியை இடது கையில் எடுத்தீர்கள். நான் திரையின் ஓரத்து இடுக்கில், பக்கவாட்டில் உங்கள் கைகள் தெரியும்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இதழ் சரியாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மணிக்கட்டை உள்ளே மடக்கி, தாளை இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பி, அப்படியே நான் வெட்டுவது போல. இத்தனை வருஷமும் என் கையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவதில், காம்பு விட வேண்டிய இடத்தில் கத்தி வழுக்கி, தாளைப் பிடித்திருந்த வலது கைப் பெருவிரலின் அடியில் ஆழமாக இறங்கியது.

"வயசாயிருச்சுங்க" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் கிடந்த சாயத் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் வெட்டி முடித்தீர்கள். காம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. ஏட்டுதான் தாளையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் நின்று, தெருவைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "அடுப்புல பசை இருக்கு. அடிபிடிக்க விட்றாதீக. வாரேன்."

எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு திரை. பழைய புடவைத் துணி. விலக்கினால் ஒரே எட்டு. நான் விலக்கவில்லை. பசையை இறக்கி வைத்தேன்.

ஒரு வாரத்தில், விரல் காயத்தால் ரணஜன்னி கண்டு உங்கள் வாய் இறுகிப்போய்விட்டது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்று ஜெயிலிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னார். விசாரணைக்கு நாள் குறிக்கும் முன்பே உங்களை மூடிப் போர்த்தி வண்டியில் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டி முடித்து வந்த மாமா அம்மாவிடம் சொன்னார்: "பெருவெரல் காயம் கறுத்துக் கெடந்துச்சு. உள்ள நீலச் சாயம். எம்புட்டுத் தேச்சும் போகல." அந்த நீலம் நான் கரைத்தது. போலீஸ் வந்ததற்கு முதல் நாள் காலையில் வேலம்பிசின் போட்டு நான் கரைத்து வைத்தது.

உங்களுக்கு வலித்ததா என்று கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். வாய் திறக்க முடியாத அந்த நாட்களில் என் மேல் கோபம் வந்ததா? வந்திருந்தால் நல்லது என்று சில சமயம் நினைக்கிறேன்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். இந்தப் பொய்யோடு அத்தாவைச் சுவரில் மாட்ட என்னால் முடியாது, யார் வெட்டியது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அம்மா இருமி ஓய்ந்துவிட்டுக் கேட்டார்: "அந்த மனுசன் எதுக்குப் போனாரு? நீ திரைக்கு இந்தப் பக்கமே இருக்கணும்னுதான. இப்ப நீயாப் போயி வெளிய நின்னா, அவரு போனது எதுக்கு?"

அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் அந்தத் தாளின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நேற்று முன்தினம் சரசுவின் அண்ணன் காகிதம் தயாரா என்று கேட்க வந்தார். வாசகசாலை வேலையை முன்னின்று நடத்துபவர் அவர்தான். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, அந்தத் தாளை வெட்டுனது அத்தா இல்ல. நான்."

அவர் சட்டைப் பையிலிருந்த திறப்பு விழா நோட்டீஸை எடுத்து மடிப்பை நீவினார். "தெரியும் தங்கச்சி. சரசுகிட்டருந்து வாங்கிட்டுப் போனவனே நான்தான."

"தெரிஞ்சுமா தியாகின்னு எழுதச் சொல்றீங்க?"

"நோட்டீசு அடிச்சாச்சும்மா. ராவுத்தரே தன் வேலன்னு சொன்னத நாங்க எப்படி மறுக்குறது? பொம்பளப் புள்ள பேரு வெளிய வந்தா உங்க தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. காரியம் நல்லபடியா நடக்கட்டும். பேரு என்னத்துக்கு?"

அதே வார்த்தை. நீங்கள் சொன்னபோது அதில் பயம் இருந்தது, என்னைப் பற்றிய பயம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆனது. இவர் சொன்னபோது அதில் நோட்டீஸ் மட்டுமே இருந்தது.

தியாகி என்ற சொல்லை மறுக்க எனக்கு நா எழவில்லை. நீங்கள் உயிரைக் கொடுத்தது உண்மை. தேசத்துக்குக் கொடுத்தீர்கள் என்று அவர்கள் எழுதுகிறார்கள். அன்று காலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது தேசம் இல்லை. வெளியே வராமல் நின்ற உங்கள் மகள்.

வாசகசாலையார் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதன் மேலட்டைக்குப் பூ அச்சிடுவது நான். உள்ளே என் எழுத்து இதுவரை போனதில்லை. இந்த மாதம் இந்தக் கடிதம் போகும். போட மாட்டோம் என்றால், திறப்பு விழா அன்று நானே கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு வருவேன். அதற்கு முன்னால் அம்மாவுக்கு இதை ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மன்னிக்காமலும் போகலாம். வாசித்துவிட்டுத்தான் போவேன்.

தெருவில் பேசுவார்கள். சந்தனக்கூட்டுக்கு இந்த வருஷம் நம் காகிதம் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். நீங்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய மறைப்பை நான் பிரித்துப்போடுகிறேன். இதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க வழியில்லாதபோது செய்கிறேன்.

அந்த மூன்று எழுத்தையும் நாளைக் காலையில் வெட்டுவேன், அத்தா. உங்கள் கத்தியால், என் இடது கையால். காம்புகள் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் சாயட்டும். ஏட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார். விழாவுக்கு வந்தால் அவருக்குப் பார்த்ததுமே தெரியும். தெரியாதவர்கள் கேட்டால், படத்துக்குப் பக்கத்தில் நின்று, உங்களிடமிருந்து நான் இரண்டு முறை கேட்ட அந்த வார்த்தையை மூன்றாவது முறையாக நான் சொல்வேன். இது என் வாக்கு.

எங் கைவேலதான்.

உங்கள் ஒரட்டாங்கை மகள்,
ஜைனம்பு