கை துடைத்த துணி

சிலிபின், ஈப்போ
6.5.2024

அன்புத் தம்பி சுகுவுக்கு,

அண்ணன் பத்துமலை எழுதுவது. நான், உன் அண்ணி கலாதேவி, மகள் துளசி எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த சபா மலைக்காட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே என்று கேட்காதே. உன் குரலைக் கேட்டால் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். பல வருஷமாக அதைத்தானே செய்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பெண்கள் என் வேனைப் பினாங்குக்குப் பேசியிருந்தார்கள். பினாங்கில் எங்கே என்று நான் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அது நீ படித்த குருமடம். அவர்கள் வரும்வரை சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடலாம் என்றிருந்தேன். பாப்பா அக்கா விடவில்லை. நம் வீட்டுக்குப் பின்வரிசையில் இருப்பாரே, அவர் மகனும் உன்னைப்போல ஃபாதர்தான். "உள்ள வந்து உட்காருலா பத்து. சாமி ஒன்னும் கடிச்சிறாது" என்றார்.

பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாரும் சப்பாத்தோடு இருக்கிறார்கள். நான் ஒருவன்தான் வெறுங்காலோடு நின்றேன். சின்ன ஆலயம்தான் சுகு. நான் மனத்தில் நினைத்து வைத்திருந்தது ஏதோ பெரிய கோட்டை. பழைய பெஞ்சுகள், மெழுகு வாசனை, சுவர் ஓரம் ஒரு காற்றாடி கடகடவென்று சுற்றுகிறது. முட்டி போடும் பலகையில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதில் உன் முட்டியும் இருக்கும் என்று நினைத்தேன். இந்த இடத்தின் மேலா இத்தனை வருஷம் கோபப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

சுவரில் குருப்பட்டம் பெற்றவர்களின் பெயர்ப் பலகை. 2009இல் பெலிக்ஸ் சுகுமாரன். அந்த முதல் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

பிறகு பாப்பா அக்கா ஒன்று சொன்னார். பட்டம் கொடுக்கும்போது கையில் எண்ணெய் பூசுவார்களாம். அதைத் துடைத்த துணியைப் புது ஃபாதர் தன் அம்மாவிடம் கொடுப்பாராம். அந்த அம்மா இறந்தால் கையில் அதை வைத்துத்தான் அடக்கம் செய்வார்களாம். தன்னுடையதை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

நீ அப்படி ஏதாவது அம்மாவுக்கு அனுப்பினாயா? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதனால் கேட்கிறேன்.

அன்பு அண்ணன்,
பத்துமலை


தெனோம், சபா
29.5.2024

அன்புள்ள அண்ணே,

குருமடத்து ஆலயத்துக்குள் நீங்கள் போனதை மூன்று தடவை படித்தேன். செருப்புக் கதையைப் படித்துச் சிரித்தேன். முதல் நாள் நானும் வெறுங்காலோடுதான் போனேன்.

ஆமாம் அண்ணே, அனுப்பினேன். அன்றைக்கு முன் பெஞ்சில் அம்மாவுக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். பூசை முடிந்த பிறகும் அது காலியாகத்தான் இருந்தது. துணியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் தபாலில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அம்மாவிடம் போனில் கேட்டேன். அது எதற்கான துணி என்றும் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வந்துச்சுய்யா. பத்திரமா இருக்கு" என்றார்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அதை நீங்களே வைத்தீர்கள். நான் மதம் மாறியவன், சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் சவப்பெட்டியை மூடும்போது அம்மாவின் கையைப் பார்த்தேன். வெற்றிலை மட்டும்தான் இருந்தது. அம்மா பத்திரமாக வைத்திருந்ததை நீங்கள்தான் வைக்கவிடவில்லை என்று நினைத்தேன். பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் வீட்டுப் பக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

ஒருவேளை அது அம்மாவின் தகரப் பெட்டியிலேயே இருக்கலாம். இருந்தால் எடுத்து வையுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள் தம்பி,
சுகுமாரன்


சிலிபின், ஈப்போ
20.6.2024

தம்பி சுகு,

பெட்டியில் அது இல்லை. திறந்து பார்க்காமலே எனக்குத் தெரியும்.

ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, அது பொய். பார்சலை வாங்கியது நான்தான். "அம்மாவிடம் மட்டும் கொடுக்கவும்" என்று மேலே எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது, பிரித்துவிட்டேன். வெள்ளைத் துணி, எண்ணெய்க் கறை, ஏதோ ஒரு வாசனை. நம் வீட்டில் எண்ணெய் தடவிய துணி தபாலில் வந்தால் என்ன நினைப்போம், நீயே சொல். அம்மாவையும் உன் பக்கம் இழுக்க மந்திரித்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து அதோடு சேர்த்துக் கட்டி, கிந்தா ஆற்றில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு.

கொஞ்ச நாள் கழித்து அம்மா என்னிடம், "சுகுகிட்டருந்து துணி ஏதும் வந்துச்சாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. உன்னிடம் வந்துவிட்டதாகச் சொன்னது இப்போது நீ எழுதித்தான் தெரிகிறது.

உனக்குப் பட்டம் கொடுத்த அன்று காலையில் அம்மா சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கோயிலில் தீமிதி இருக்கிறது, வண்டி எடுக்க முடியாது என்று சொன்னேன். தீமிதி சாயங்காலம்தான் சுகு. போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாம்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்,
பத்துமலை


சிலிபின், ஈப்போ
2.9.2024

அன்புத் தம்பி,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். அண்ணி கிண்டல் செய்கிறாள்.

நேற்று அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அம்மா போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. சேலைகளுக்கு அடியில் குட் மார்னிங் என்று அச்சடித்த ஒரு பழைய துண்டு இருந்தது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அம்மா வேலை செய்த தாப்பா தோட்டத்தை விற்றபோது, கடைசி நாள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்த அம்மாவை மோட்டாரில் கூட்டி வர நான்தான் போயிருந்தேன். பால் வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கை துடைத்தார். அதே துண்டுதான். ரப்பர் பால் கறை கறுத்துப்போய் இருக்கிறது. துவைக்காமலே மடித்து வைத்திருக்கிறார். ஏன் என்று இனி யாரைக் கேட்பது?

அதைப் பதிவுத் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். உங்கள் முறையில் இது சரியா தப்பா எனக்குத் தெரியாது. நீ கை துடைத்த துணி அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை, என்னால். அம்மா கை துடைத்ததாவது உன்னிடம் வரட்டும். உங்களைப் புதைப்பார்கள்தானே, அன்றைக்கு யாராவது இதை உன் கையில் வைக்கட்டும். நான் உனக்கு முந்திக்கொள்வேன், அதனால் நீயே யாரிடமாவது சொல்லி வை.

பார்சலின் மேல் உன் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன், பெலிக்ஸையும் சேர்த்து. வரும் மார்ச்சில் அம்மாவின் திதிக்கு வா. இலை போட்டு வைக்கிறேன்.

அண்ணன்,
பத்துமலை


தெனோம், சபா
11.10.2024

அண்ணே,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, கோபம்தான். இப்போது அது போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அம்மாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணி எதற்கென்று தெரிந்த பிறகுதான் வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். தன் கையில் அது இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும், சாகும்வரை எட்டு வருஷம் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் என்று எழுதாமல், அதை உங்களுக்கும் விளக்கி நான் நாலு வரி எழுதியிருக்கலாம். அந்தத் தப்பு என்னுடையது.

மார்ச்சில் வர மனம் வரவில்லை அண்ணே. அடுத்த வருஷமும் கூப்பிடுங்கள்.

துண்டு வந்தது. பத்திரமாக இருக்கிறது. நான் உண்மையாகவே சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
பெலிக்ஸ் சுகுமாரன்